ரசிகர்களுக்கு அளவெடுத்த ஞாயிற்றுக்கிழமை

என் முதல் கச்சேரி நடந்த அன்று மத்தியானம், மேடையில் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது. பாட வேண்டிய நானோ பின்பக்கம் சாப்பாட்டுக்கூடத்தில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து டி-சர்ட் தைத்துக்கொண்டிருந்தேன்.

பல்லடம் ரோட்டில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் அது. முந்தின நாள் யாருக்கோ வளைகாப்பு. ரசமும் வாழையிலையும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை. பந்தி மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் மெஷின்களைப் போட்டிருந்தோம்.

எனக்கு முன்னால் வரிசை. நின்ற எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கறுப்பு டி-சர்ட். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'ஒன்றரை ஷிப்ட்' என்று பிரிண்ட். அது எங்கள் பாட்டுக்குழுவின் பெயர். திருப்பூரில் பகல் முழுக்க உழைத்துவிட்டு மேற்கொண்டு அரை ஷிப்டும் பார்க்காதவர்கள் குறைவு என்பதால் வைத்த பெயர்.

"அடுத்து வாங்க. கையத் தூக்குங்க."

போட்டிருந்த துணிக்கு மேலேயே டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்குளுக்குக் கீழே தொங்குகிற துணியைக் கூட்டிப் பிடித்து, சாக்கட்டியால் கோடு இழுத்து, கழற்றச் சொல்லி வாங்கி, இரண்டு பக்கமும் தையல் ஓட்டித் தருவேன். பக்கத்து மெஷினில் எங்கள் முதலாளி சரசக்கா கீழ் மடிப்பை அடிப்பார். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். நாங்கள் விற்ற சட்டைகள் ஒருவருக்கும் சேரவில்லை. அதற்குத்தான்.

தைப்பது எனக்குப் புதிதில்லை. மனசுதான் கிடந்து அடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் சென்னைக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். என் பாட்டை இனிமேல் நானே பாடுவதா, வேறு ஒருவர் பாட விட்டுவிடுவதா என்ற பதில். விட்டுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கே வந்திருந்தேன்.

துணி ரோல்களுக்கு நடுவில்

இந்தத் தொடரைப் போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா காலமான பிறகு அம்மாவும் நானும்தான். பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் போய் உட்கார்ந்த இடம் சரசக்காவின் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடம் ஆர்டர் எடுத்து வெட்டித் தைத்துக் கொடுக்கும் சின்ன இடம்.

அங்கே தைத்துக்கொண்டே பாடுவேன். பழைய மோட்டார்கள் நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரே மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அதோடு ஒட்டிப் பாடினால் சுருதி விலகாது. இப்போது எல்லாம் சர்வோ மோட்டார். பெடலை மிதித்தால்தான் சத்தம் வரும். கரண்டு மிச்சம்தான், என்னை மாதிரி ஆட்களுக்குச் சுருதிப் பெட்டி போச்சு.

சரசக்காவின் மகன் கார்த்தி, கோயம்புத்தூரில் படித்துவிட்டு யூனிட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர். யூனிட்டைப் பார்த்ததைவிட கிடாரைப் பார்த்ததுதான் அதிகம். என்னைவிடச் சின்னவர். 'தம்பி' என்று கூப்பிட்டாலும் முதலாளி வீட்டுப் பிள்ளையாயிற்றே, 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் அந்த 'ங்க' தானாகக் கழன்றுவிடும்.

ஒருநாள் டீ டைமில் என் மெஷின் பக்கம் வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, காலைல பாடிட்டிருந்தீங்களே, அது எந்தப் பாட்டுங்க? போன்ல தேடித் தேடிப் பாக்கறேன், கெடைக்கவே மாட்டேங்குது."

"எப்புடிக் கெடைக்குமுங்க தம்பி? அது நானாச் சொல்லிக்கிட்டது."

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது?"

கம்பெனி வேன் காலையில் வந்து அவசரப்படுத்துவதைப் பற்றிய பாட்டு அது. 'வேனு வந்து நிக்குது, வாசல்ல ஆரன். சீப்பு இன்னும் தலையில, சோறு இன்னும் கொதியில' என்று போகும். இலக்கியம் கிலக்கியம் எல்லாம் கிடையாது. எங்கள் லைன் வீட்டில் தினமும் நடப்பதுதான்.

துணி குடோனில் வைத்து அதைப் பதிவு செய்தோம். உத்தரம் வரைக்கும் துணி ரோல் அடுக்கியிருக்கும். நடுவில் போய் நின்று பேசினால் குரல் எங்கேயும் பட்டுத் திரும்பாது, அப்படியே துணி குடித்துவிடும். காசு கொடுத்து ஸ்டூடியோ போனாலும் அந்த அமைதி வருமா தெரியவில்லை. பஞ்சுத் தூசிதான் தொண்டையைப் பிடுங்கும். பாடி முடித்ததும் ஒரு பாடு இருமிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

'மூஞ்சியக் காட்டாத'

பாட்டை நெட்டில் போடலாம் என்று கார்த்தி சொன்னபோது அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குத் திருப்பூர் வந்து இத்தனை வருஷமாகியும் ஊர்ப் பேச்சு மாறவே இல்லை.

"ஏட்டி, நீ பாடுதது எனக்குப் பிடிக்கத்தான் செய்யுது. ஆனா மூஞ்சியக் காட்டாத. கோயில்ல எல்லாரும் கேப்பாவ. நான் என்னன்னு பதில் சொல்ல?"

கோயில் என்றால் எங்கள் சர்ச். அங்கே பாடகர் குழுவில் என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். என் குரல் கொஞ்சம் கட்டைக் குரல், கரகரப்பு வேறு. மற்ற பெண்களின் குரலோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்குமாம். எனக்கும் அதில் ஒரு வெட்கம் உண்டு. சரி, மூஞ்சியும் வேண்டாம் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பாட்டு ஓடும்போது திரையில் மெஷின் ஊசி ஏறி இறங்குவது மட்டும் தெரியும்.

முதலில் கேட்டவர்கள் எங்கள் யூனிட்காரர்கள். அப்புறம் பக்கத்து யூனிட். அப்புறம் வேன் டிரைவர்கள் போட ஆரம்பித்தார்கள். ஒருநாள் புது பஸ் ஸ்டாண்டில் தாராபுரம் பஸ்ஸுக்குள்ளிருந்து என் குரல் வந்தது. நான் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். நான்தான் பாடினேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொன்னால் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

மூன்று பாட்டுக்குப் பிறகு ஒரு போன்

மூன்றாவது பாட்டு போட்ட பிறகு சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். எந்தக் கம்பெனி என்பது இப்போது எதற்கு? மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க வரியும் ட்யூனும் ரொம்ப நல்லாருக்கு. வாய்ஸ் மட்டும் கொஞ்சம் கரடுமுரடா இருக்கு. தெரிஞ்ச சிங்கரா ஒருத்தர வெச்சுப் பாட வெச்சிரலாம். நீங்க போட்டு வெச்சிருக்கறதையெல்லாம் எடுத்துருங்க, நாங்க புதுசா விடறோம்."

"அப்ப நானுங்க சார்?"

"எழுதினவங்கன்னு உங்க பேர் வரும் மேடம். உங்க முகம் ஒருத்தருக்கும் தெரியாதே. குரல மாத்தினா யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. சர்ச்சிலாவது கடைசி வரிசையில் ஒரு இடம் இருந்தது. இவர் அதையும் தர மாட்டேன் என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அன்றைக்கு ஒரு பண்டல் முழுக்கச் சட்டைக் கையைத் திருப்பிப் போட்டுத் தைத்துத் தொலைத்தேன்.

கார்த்திக்கு என்னைவிடக் கோபம்.

"கேக்கறவங்க இருக்கறாங்க, பாடறவங்க நீங்க இருக்கறீங்க. நடுவுல இவரு எதுக்குங்க? நம்ம ஆளுங்ககிட்ட நாமளே நேராப் போலாம். டி-சர்ட் அடிக்கலாம். சட்டைதான் டிக்கெட். வாங்கறவங்கெல்லாம் கச்சேரிக்கு வரட்டும். அதுல வர்ற காசுல அடுத்த பாட்டெல்லாம் பண்ணிக்கலாங்க."

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு டி-சர்ட் அடிப்பது ஒரு வேலையா? அப்படித்தான் நினைத்தோம். மேனேஜரிடம் கச்சேரி நாள் வரைக்கும் தவணை கேட்டேன். அவரும் சரி என்றார்.

அளவெல்லாம் கரெக்ட்

கேட்பவர்கள் வாட்ஸப்பில் சைஸ் அனுப்பினார்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று வந்து குவிந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் அலமாரியைத் திறந்து, கைக்குக் கிடைத்த பேட்டர்ன் அட்டையை எடுத்து வைத்து வெட்டினார். நான் தைத்தேன். சரசக்கா மடிப்படித்தார். செக்கிங்கில் டேப் வைத்துப் பார்த்தார்கள். மார்பளவு கரெக்ட், உயரம் கரெக்ட், கை கரெக்ட். அயர்ன் போட்டு, கவரில் போட்டு, கூரியரில் அனுப்பிவிட்டு ஆளுக்கொரு பன் பட்டர் ஜாம் சாப்பிட்டோம்.

அந்தப் பேட்டர்ன் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்குப் போட்டது. குளிர் தேசம். ஆட்களும் ஆறடிக்குக் குறையாத ஆட்கள். அதிலும் அது தொளதொளவென்று போடுகிற ஸ்டைலாம். அவர்களுடைய 'எஸ்' நம் ஊரில் ஆஜானுபாகுவான ஆளுக்கே தாராளம்.

ஒருத்தர்கூடப் போட்டுப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் தொழிலில் பீஸை உடம்பில் மாட்டவே கூடாது. வியர்வை பட்டால் ரிஜெக்ட். மாட்டியவரைப் பிடித்தால் திட்டு தாங்காது. சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லித்தான் மெஷினில் உட்கார வைப்பார்கள். வருஷக்கணக்காகத் தைக்கிறோம், யார் போடப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. டேப் சரி என்றால் சரி. தெரிந்த மனுஷருக்கு, நம் பாட்டைக் கேட்கிற மனுஷருக்குத் தைக்கிறோம் என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

போட்டோக்கள் வர ஆரம்பித்தன. குண்டடத்துக்காரர் ஒருவர் தானும் சம்சாரமும் ஒரே சட்டைக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ அனுப்பி, 'ரேஷன் கார்டுக்கு ஒண்ணு போதுமுங்க' என்று எழுதியிருந்தார். ஒரு பெண், மாசமாக இருப்பதாகவும் பிரசவம் வரைக்கும் கவலை இல்லை என்றும் எழுதியிருந்தாள். ஒருவர் சட்டையை வண்டிக்குப் போர்த்தியிருந்தார்.

கார்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. நம்பி வாங்கினார்கள். நடுவில் யாரும் இல்லாமல் நேராக அவர்கள் கைக்கு நாம் கொடுத்த முதல் சாமான். அதுவும் தையல்காரி தைத்த சட்டை. போட்டோவோடு வந்த ஒவ்வொரு சிரிப்புப் பொம்மையும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது.

அம்மா ஒரு டி-சர்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "என்னட்டி இது, சட்டையா கூடாரமா?" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் கார்த்தியிடம் சொன்னேன். "தம்பி, பாட்ட அந்தச் சென்னைக்காரருகிட்டயே குடுத்துரு. நமக்கு இது ஒத்து வராது. கச்சேரிய மட்டும் முடிச்சுட்டு அன்னைக்கே சரின்னு சொல்லிரு."

'ங்க' இல்லாததைக் கவனித்திருப்பார். வாதாடாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். சரசக்காதான் என் பக்கத்தில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாட்டக் குடுக்கறதும் வெச்சுக்கறதும் உன்ற இஷ்டம் கண்ணு. சட்டைய அப்புடி உட முடியாது. நம்ம கையால தெச்சது, நம்ம கையாலயே பிரிச்சுத் தெச்சுக் குடுத்துரோணும். ஞாயித்துக்கெழமை எல்லாரும் வருவாங்கல்ல? மெஷின மண்டபத்துக்கே ஏத்திரு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தக் கணக்கையாவது நேர் செய்துவிட்டுப் போகலாம் என்று மெஷின்களைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம்.

கையத் தூக்குங்க

திருப்பூர்க்காரர்கள் யாரும் வரிசைக்கு வரவில்லை. அவர்கள்தான் டெய்லர்களாயிற்றே, வீட்டிலேயே வேலையை முடித்துவிட்டார்கள். ஒருத்தி சட்டையைப் பிடித்து மிச்சத் துணியில் பிள்ளைக்கு ஒரு பனியனும் தைத்திருந்தாள். இரண்டு பேர் கழுத்துக்குப் புது ரிப் பட்டி போட்டிருந்தார்கள். ஒரிசாவிலிருந்து வந்து வேலை செய்கிற பையன் ஒருவன், தமிழ் ஒரு வார்த்தை பேசத் தெரியாது, தான் தைத்த கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி "டீக் ஹை, தீதி?" என்று, சரியாக இருக்கிறதா அக்கா என்கிற அர்த்தத்தில், கேட்டுவிட்டுப் போனான். தையல் சுத்தமாக இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் வெளியூர்க்காரர்கள். நான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மண்டபத்துக்காரர்கள் வைத்த தையல்காரி என்று நினைத்தார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன்.

தாராபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயசு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். சேலைக்கு மேலே டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கி நின்றார். ஒரு பக்கம் கோடு போட்டு முடித்தேன்.

"ஏனுங், பாடறவங்க வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கன்னுதான் நெனைக்கறேன்."

"ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போயிரோணுமுங்க. தெனமும் அவங்க பாட்டப் போட்டுட்டுத்தான் கடையத் தொறக்கறேன். நம்மூட்டு ஆளாட்டவே ஆயிப்போச்சு. மூணாவது பாட்டு பாடறப்ப பாவம், அவங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுங்க. கேக்கறப்பவே தெரிஞ்சுது. மிளகு போட்டுப் பால் குடிக்கச் சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தேன்."

என் கையிலிருந்த சாக்கட்டி அப்படியே நின்றது.

மூன்றாவது பாட்டு பதிவான அன்று எனக்கு நல்ல சளி. காய்ச்சலும் இருந்தது. கார்த்தி இன்னொரு நாள் பாடலாம் என்றார். குரலில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பாடிவிட்டேன். அப்புறம் நாங்களே எத்தனையோ தடவை போட்டுக் கேட்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முகம் தெரியாத, பெயர் தெரியாத இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நாந்தானுங்க அது" என்றேன்.

"எது?"

"பாடறது."

அவர் சிரித்தார். "சும்மா வெளையாடாதீங்க. நேரமாகுது, அந்தப் பக்கம் கோடு போடுங்க."

மெஷினை நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே, மைக் இல்லாமல், சுருதி இல்லாமல், வேன் பாட்டின் முதல் இரண்டு வரியைப் பாடினேன். குரல் எப்போதும்போலக் கரகரத்தது.

அந்த அம்மாள் தூக்கிய கையை இறக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "அட சாமி" என்றார். அப்புறம் வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க, எல்லாரும் வெசையா வாங்க! அவங்க இங்க உக்காந்துட்டிருக்கறாங்க! அதே கொரலுங்க!"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. யாரோ மூன்றாவது வரியை எடுத்துக் கொடுத்தார்கள். நான் பாடினேன். குண்டடத்துக்காரரும் சம்சாரமும் கூடச் சேர்ந்து பாடினார்கள். மேடையிலிருந்து கார்த்தி கிடாரோடு ஓடி வந்தார். சரசக்கா மடிப்படிப்பதை நிறுத்திவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடேயே பாடி முடித்தேன்.

கைதட்டல் அடங்கியதும் கார்த்தியைப் பார்த்தேன்.

"தம்பி, சென்னைக்குப் போன் போடுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "இப்பவேங்களா அக்கா? கச்சேரி முடிஞ்சு பேசலாங்களே?"

"இப்பவே போடுங்க."

போட்டுக் கொடுத்தார். சத்தத்தில் கேட்காது என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"சார், பாட்டு உங்களுக்கு வேணும்னா நானேதான் பாடுவேன். இல்லைன்னா வேண்டாமுங்க சார்."

"அவசரப்படாதீங்க மேடம். நல்ல சான்ஸ். நான்தான் சொன்னேனே, உங்களை அங்க யாருக்குமே தெரியாது."

நான் நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன்.

"தெரியுதுங்க சார்" என்றேன்.

போனைக் கார்த்தியிடம் கொடுத்துவிட்டு மெஷினை ஆன் செய்து சாக்கட்டியை எடுத்தேன். அந்த அம்மாளுக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.